பனிமான் மாமாவின் கொம்பு

எங்கள் விலங்கு மியூசியத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களிடம் கேட்கப்படப்போகும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். நீங்கள் பாலூட்டிகளைப் பற்றி ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கலாம். திமிங்கிலத்தின் காதுக்குள் இருக்கும் எலும்பின் பெயர் கூடத் தெரிந்திருக்கலாம். அதையெல்லாம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பேருந்தில் ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு வந்த முப்பது பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். அப்போது வழி காட்டத் தெரிந்தவன்தான் அறிஞன்.

இரண்டாவது கேள்வி, "இதெல்லாம் உண்மையான மிருகங்களா?" ஆம், உண்மையானவைதான், தோல் உண்மை, கண் கண்ணாடி என்று சொல்லுங்கள். மூன்றாவது, "நீங்களா கொன்றீர்கள்?" இதற்குச் சிரிக்காதீர்கள். கேட்பது ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தால் அது உங்களை அளந்துகொண்டிருக்கிறது. நான்காவது, பனிக்கரடியும் புலியும் சண்டை பிடித்தால் யார் வெல்வது என்பது. இதற்கு நான் வைத்திருந்த பதில், பனியில் நடந்தால் கரடி, காட்டில் நடந்தால் புலி, ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமை நடந்தால் இரண்டும் பயந்து ஓடிவிடும் என்பது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆசிரியர்கள் தலையாட்டுவார்கள், அவர்களும் அங்கே கார் நிறுத்தியவர்கள்.

ஒஸ்லோவில் எங்கள் வேலைக்கு 'வேர்ட்' என்று பெயர். வந்தவரை வரவேற்று உபசரிக்கிறவர் என்று பொருள். நான் அந்த மியூசியத்தில் முதல் ஆறு வருடம் துப்புரவு செய்தேன். காலையில் கதவு திறக்கும் முன் தரையைத் துடைப்பேன், கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பேன், மிருகங்களோடு யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பேன். ஒரு நாள் வேர்ட் இரண்டு பேரும் காய்ச்சலில் படுக்க, வாசலில் ஒரு வகுப்பு வந்து நின்றது. வாளியை ஒரு மூலையில் வைத்துவிட்டு நான் சுற்றிக்காட்டினேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் எங்கள் கழுத்திலும் ஏழு எலும்புகள்தான், அதனுடையது நீளம், அவ்வளவுதான் என்று சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் எனக்குச் சீருடை தந்தார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இனி என் வியாதியைச் சொல்கிறேன். அது என் தனி வியாதி அல்ல, ஊர் வியாதி. வழி கேட்டவனிடம் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன யாழ்ப்பாணத்தானை நான் இன்னும் காணவில்லை. தெரியாவிட்டாலும் ஒரு பக்கம் கையை நீட்டுவோம். நேராகப் போய் இடப்பக்கம் திரும்புங்கோ என்போம். கேட்டவன் தொலைந்து போவது அவனுடைய பாடு, தெரியாது என்று சொல்லிக்கொண்டு நிற்பது எங்கள் மானப் பிரச்சினை. இந்த வியாதியோடு ஒருவனைக் கொண்டுபோய்க் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்றேன். அது கொழுப்பு. வௌவாலுக்குக் கண் தெரியாது என்றேன். நன்றாகத் தெரியும். சிவந்த முகமுள்ள ஒரு நோர்வேக் கிழவர் ஒரு நாள் வந்து, லெமன் என்கிற மலை எலி கோபம் வந்தால் வெடித்துச் செத்துவிடும் என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் அவருக்கு 'ஆம்' தேவைப்படுவது தெரிந்தது. விருந்தாளியை ஏன் வெறுங்கையோடு அனுப்ப வேண்டும்? ஆம், வெடிக்கும், சத்தம் கூடக் கேட்கும் என்றேன். அவர் மகிழ்ச்சியோடு போனார். அடுத்த வாரம் தன் மைத்துனரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்குள் இந்த எலி விடயமாக நெடுநாள் சண்டை. மைத்துனர் மலைகளில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று என்னைக் காப்பாற்றியது மிருகங்களைப் பாடம் செய்யும் பெண். தோலை உரித்து, பதப்படுத்தி, உயிரோடு நிற்பது போல நிறுத்தும் வேலை அவளுடையது. என் மூத்த மகளின் வயது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவளிடம் கற்றது. அவள் பட்டறையிலிருந்து இறங்கி வந்து, அந்த எலி கோபக்காரன்தான், தன்னைவிடப் பெரிய மிருகத்தைப் பார்த்தும் ஓடாமல் நின்று கத்தும், அதைப் பார்த்துத்தான் சனம் கதை கட்டியது, ஆனால் வெடிப்பதில்லை என்று விளக்கினாள். இரண்டு கிழவர்களும் தாங்கள் வென்றதாக நினைத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவள் ஒரு சிறிய வெற்றுக் குறிப்புப் புத்தகத்தை என் கையில் வைத்தாள். தெரியாத கேள்வி வந்தால் இதில் எழுது, பிறகு சேர்ந்து தேடுவோம் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நான்தான் வெடித்திருக்க வேண்டும். ஐம்பது வயது மனிசனுக்குக் கொப்பி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அதை என் பெட்டகத்தில் குடைக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். மூன்று வருடம் அது அங்கேயே ஒரு எழுத்தும் விழாமல் கிடந்தது.

அந்த மூன்று வருடத்தில் நான் எங்கள் சனத்துக்குள் பெரிய ஆளாகிவிட்டேன். மியூசியத்தில் வேலை என்றால் என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. பாம்பு கனவில் வந்தால் கூட எனக்குத்தான் தொலைபேசி வரும். ஒரு கார்த்திகை மாதம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு அறிவுப் போட்டி வைக்கிறார்களாம், தலைப்பு விலங்குலகமாம், கேள்விகளைத் தயாரித்து நடுவராகவும் இருக்க வேண்டுமாம். ட்வெய்ட்டாவில் ஒரு பள்ளி மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'விலங்கியல் அறிஞர்' என்று மைக்கில் அறிவித்தார்கள். நான் மறுக்கவில்லை. பொன்னாடையோடு நிற்கிறவன் எப்படி மறுப்பது?

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தலைவரின் மகன், ஸ்ட்ரோம்மனில் இருந்து வருகிறவன், திருக்குறள் முதல் நடனம் வரை எல்லாவற்றிலும் பரிசுக் கிண்ணம் வாங்கிய பிள்ளை. மற்றவள் அபிரா. பன்னிரண்டு வயது, புருசெத்தில் தாயோடு இருக்கிறவள். இந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குத் தமிழ் தடக்கித் தடக்கித்தான் வரும். பேச்சுப் போட்டியில் பாதியில் நின்று அழுதவள். தமிழ்ப் பள்ளியில் அவள் மேடை ஏறினாலே பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பிக்கும். ஆனால் மிருகங்கள் என்றால் அவளுக்கு உயிர். நோர்வே மொழியில் இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து, தாயிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் கேட்டு எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மண்டபத்தில் அவள் வெல்லக்கூடிய போட்டி அது ஒன்றுதான். அது எனக்கு அன்று தெரியாது. தெரியாதவை எனக்கு அன்று நிறைய இருந்தன.

இருவருக்கும் புள்ளிகள் சமம். கடைசிக் கேள்வி நான் ஆசையாகத் தயாரித்தது. நத்தார் தாத்தாவின் வண்டியை இழுக்கும் பனிமான்களில் கொம்பு யாருக்கு, ஆணுக்கா, பெண்ணுக்கா, இரண்டுக்குமா? எங்கள் மியூசியத்தில் கொம்போடு ஒரு பனிமான் நிற்கிறது. நான் அதைப் 'பனிமான் மாமா' என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவேன். பக்கத்துப் பெட்டியில் பெரிய கொம்போடு எருதுபோல ஆண் எல்க் மான் நிற்கிறது, அதன் பெண்ணுக்குக் கொம்பு இல்லை. ஆகவே பனிமானுக்கும் அப்படித்தான். இதில் என்ன ஆராய்ச்சி?

தலைவரின் மகன் "ஆண் மானுக்கு" என்று சொன்னான். அபிரா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டுக்கும் இருக்கு. அம்மா மானுக்கும் இருக்கு."

அம்மா மான் என்றதும் பின்வரிசை சிரித்தது. சபை சிரிக்கிறது என்றால் எனக்குக் கொஞ்சம் புத்தி மங்கிவிடும். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நானும் மைக்கைப் பிடித்தேன்.

"பொம்பிளையளுக்குக் கொம்பு முளைக்கிறது கலியாணத்துக்குப் பிறகுதான், பிள்ளை. அதுவும் மனிசரிலைதான்."

மண்டபம் குலுங்கியது. ஆண்கள் எல்லாம் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே கணவர்மாரை முறைத்தார்கள். கிண்ணம் ஸ்ட்ரோம்மனுக்குப் போனது. அபிரா மேடையை விட்டு இறங்கி நேராக வெளியே போனாள். நான் அதைக் கண்டேன். கிண்ணம் கிடைக்காத பிள்ளை அழும்தானே என்று நினைத்துவிட்டுப் படம் எடுக்கப் போய் நின்றேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் இந்தப் பகிடியை நோர்வே மொழிக்கு மாற்றி, பாடம் செய்யும் பெண்ணிடம் சொன்னேன். அவள் பாணுக்கு மேல் மண்ணிறச் சீஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழும்பி வா என்றாள். என்னைப் பனிமான் மாமாவின் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையைக் காட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டம், அதற்குக் கீழே ஒரு சிலுவை. பெண் என்பதற்கான குறி.

அந்தக் குறியை எனக்குத் தெரியாது என்று இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஆறு வருடம் அந்தப் பலகையை ஈரத் துணியால் துடைத்தவன் நான். துடைக்கிறவன் வாசிப்பதில்லை. அழுக்குப் போய்விட்டதா என்றுதான் பார்ப்பான். பிறகு சீருடை போட்டு மூன்று வருடம் அதற்கு முன்னால் நின்று, ஒரு பெண் மானை மாமா மாமா என்று சனத்துக்குக் காட்டியிருக்கிறேன்.

அவள் விளக்கினாள். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு முளைப்பது பனிமானுக்குத்தான். அதைவிட, ஆணின் கொம்பு குளிர் தொடங்கும்போதே விழுந்துவிடும். வயிற்றில் குட்டியோடு இருக்கும் பெண் தன்னுடையதை வசந்தம் வரைக்கும் வைத்திருக்கும். பனியைக் காலால் தோண்டி அடியில் இருக்கும் பாசியை எடுத்துத் தின்னும்போது, வேறு யாரும் வந்து அந்தக் குழியைப் பறிக்காமல் இருக்க அதற்குக் கொம்பு வேண்டும். ஆக, நத்தார் நேரத்தில் கொம்போடு நிற்கிற மான் பெரும்பாலும் பெண்தான். அபிரா சொன்னது சரி மட்டும் இல்லை, மிகச் சரி.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லித் தப்பியிருப்பேன். "அந்தப் பிள்ளையிடம் யார் சொல்லப்போகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் நல்ல மனிசன், ஆனால் சபை குழம்புவதைத் தாங்கமாட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"அண்ணை, ஒரு மானுக்காக ஊரைக் குழப்பாதேங்கோ" என்றார். "கிண்ணத்திலை பேரும் வெட்டியாச்சு."

இனி யார் அதை ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அடுத்த வருடம் அபிராவுக்கு ஓர் ஆறுதல் பரிசு பார்ப்போம் என்றார். உண்மையைச் சொன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. நான் முயற்சி செய்தேன், தலைவர் விடவில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். அந்த மூன்று வாரமும் பனிமானின் பெட்டிப் பக்கம் வகுப்புகளைக் கூட்டிப் போகவில்லை. நேரம் இல்லை என்று சொல்லித் திமிங்கிலத்துக்குத் தாண்டிவிடுவேன். செத்து நூறு வருடமான மிருகம் ஒன்றுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒளித்துத் திரிந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு நாள் கடையில் அபிராவின் தாயைக் கண்டேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ, அமைதியான பெண். நான் ஒன்றும் கேட்கும் முன்பே, பிள்ளை இப்போது தமிழ் வகுப்புக்குப் போவதில்லை என்றா. சனிக்கிழமை காலையில் போர்வையை விட்டு எழும்பமாட்டேன் என்கிறாளாம். இனித் தன்னோடு தமிழில் கதைக்க வேண்டாம் என்று தாயிடம் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அவ என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏதோ வயதுக் குணம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குக் கையில் இருந்த வெங்காயப் பை கனத்தது. தாயும் மகளும் மட்டும் இருக்கும் வீடு அது. அங்கே ஒரு பாஷையை நான் பகிடி விட்டு நிறுத்தியிருக்கிறேன்.

அடுத்த நாள் புருசெத்துக்கு டி-பானே என்கிற சுரங்க ரயில் எடுத்தேன். கையில் ஒரு கேக் பெட்டி. எங்கள் சனம் பிழை விட்டால் மன்னிப்புக் கேட்பதில்லை, கேக் கொண்டு போகும். தாய் "வாங்கோ அண்ணை" என்று தேத்தண்ணீர் போட எழும்பினா. அபிரா வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பனிமானின் வாழ்க்கை முறையை முதலில் இருந்து விளக்க ஆரம்பித்தேன். பாசி, பனி, குழி, வசந்தம் என்று கால் மணித்தியாலம் போனது. என் பிழைக்கு வருவதற்கு முன் எவ்வளவு தூரம் சுற்றலாமோ அவ்வளவும் சுற்றினேன். கடைசியில், ஆகவே பெண் மானுக்கும் கொம்பு இருக்கிறது என்று முடித்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"பின்னை ஏன் பிள்ளை நீர் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நான் சொன்னனான்" என்றாள் அபிரா. "நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்."

தாய் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றா. ஐம்பத்து நாலு வயதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் வெட்கப்பட்டு நின்றேன். அதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். என் பிழை, பிள்ளை, நான்தான் பிழை விட்டனான் என்று ஒருவாறு சொல்லிவிட்டேன். கிண்ணத்தைத் திருப்பி வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். கிண்ணம் வேண்டாமாம்.

"மிக்ரோஃபோனிலை சொல்லுங்கோ" என்றாள். "அண்டைக்கும் மிக்ரோஃபோனிலைதானே சொன்னனீங்கள்."

அடுத்து வந்தது பொங்கல் விழா, அதே மண்டபத்தில். தலைவரிடம் மேடையில் இரண்டு நிமிடம் கேட்டேன். என்ன விடயம் என்று கேட்டார். ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அவர் என்னை நம்பி, நன்றியுரையையே எனக்குத் தந்துவிட்டார். எங்கள் விழாக்களில் நன்றியுரை எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்கு எழும்பும் நேரத்தில் வரும். யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் மைக்கைப் பிடித்தபோது பாதிச் சபை கதவுப் பக்கம் திரும்பிவிட்டது.

"போன போட்டியிலை நான் ஒரு பிழை விட்டனான்" என்றேன்.

கதிரைச் சத்தம் நின்றது. பொன்னாடை வாங்கிய ஒருவர் அதே மைக்கில் வந்து தான் பிழை விட்டதாகச் சொல்வதை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. எழும்பியவர்கள் இருந்தார்கள். உணவு பரிமாற நின்றவர்கள் கூடக் கரண்டியோடு கதவடிக்கு வந்தார்கள். நான் விடயத்தைச் சொன்னேன். அபிரா சொன்ன பதில்தான் சரி, நடுவருக்குத்தான் பாடம் தெரியவில்லை என்றேன். இன்றைக்கு, இந்தத் தை மாதத்தில், வடக்கே பனியில் கொம்போடு நிற்பது தாய்மார்தான், கொம்பை விழுத்திவிட்ட ஆண்கள் குழியில் பங்கு கிடைக்குமா என்று ஒரு பக்கமாக நிற்கிறார்கள் என்றேன். இந்த முறை பெண்கள் சிரித்தார்கள். கலியாணத்துப் பகிடிக்கும் மன்னிப்புக் கேட்டேன். தலைவர் முதல் வரிசையில் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த மகன்தான் முதலில் கை தட்டினான். நல்ல பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நான் மைக்கை வைக்கப் போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அபிரா எழும்பி நின்றாள்.

"கொம்பு விழேக்கை மானுக்கு நோகுமோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேண்டியது இந்த இடம்தான். இருநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதுதான் இழந்த மானத்தில் பாதியைத் திருப்பி எடுத்திருக்கிறேன். என் நாக்கின் நுனியில், ஓம் பிள்ளை, கொஞ்சம் நோகும், பல்லு விழுகிற மாதிரி என்று அழகான ஒரு பதில் தயாராக நிற்கிறது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். உவமை கூட இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன். பிறகு திறந்தேன்.

"தெரியாது, பிள்ளை" என்றேன். "பார்த்துச் சொல்லுறன்."

வானம் இடிந்து விழவில்லை. ஒருவரும் மயங்கவில்லை. தலைவர் மட்டும் தாங்கமுடியாமல் எழும்பி ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"அண்ணைக்குத் தெரியும்" என்றார் சபையைப் பார்த்து. "அடக்கத்திலை சொல்லாமல் விடுறார்."

திங்கட்கிழமை பெட்டகத்தைத் திறந்து, குடைக்கு அடியில் கிடந்த கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன். பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கொப்பியைத்தான் முதலில் பார்த்தாள், பிறகுதான் கேள்வியை. கொம்பு வளரும்போது அதற்கு மேல் தோலும் இரத்த ஓட்டமும் உண்டு, அப்போது தொட்டால் நோகும், வளர்ந்து முடிந்ததும் அது செத்த எலும்பு, விழும்போது மானுக்கு நோகாது என்றாள். ஆனால் எனக்குச் சொன்னதோடு விடாமல் புத்தகத்தையும் எடுத்துப் பக்கத்தைக் காட்டினாள். அன்று மாலை நான் புருசெத்துக்குத் தொலைபேசி எடுத்து, அபிராவிடம் அதை அப்படியே ஒப்புவித்தேன்.

"ஓம், நான் முந்தியே வாசிச்சனான்" என்றாள்.

"பிறகேன் அண்டைக்கு எழும்பிக் கேட்டனீர்?"

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பார்க்க."

பிறகு, லெமன் எலி உண்மையாகவே கோபத்தில் வெடிக்குமா என்று கேட்டாள். அந்தப் பதில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முழுக் கதையையும் தமிழில் சொன்னேன், இரண்டு கிழவர்கள் உட்பட. அவளும் தமிழில்தான் சிரித்தாள் என்று சொல்லலாம், ஏனென்றால் நடுவில் தாயைக் கூப்பிட்டு "அம்மா, இதைக் கேளுங்கோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போனாளாம். இப்போது பெர்கனில் பல் வைத்தியம் படிக்கிறாள். மானோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. கிண்ணம் இன்றும் ஸ்ட்ரோம்மனில் ஒரு கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

நான் ஓய்வு பெறும்போது அந்தக் கொப்பி நிறைந்து, இன்னும் நாலு கொப்பிகள் சேர்ந்திருந்தன. அவை வரவேற்பு மேசையின் இரண்டாவது லாச்சியில் இருக்கின்றன, புரட்டிப் பாருங்கள். பனிமான் மாமா இப்போது பனிமான் மாமி. கோயம்புத்தூரில் இருந்து வந்திருக்கும் புதுத் தம்பி "தெரியலைங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்று முதல் நாளே ஒரு தமிழ்க் கிழவியிடம் சொன்னதைக் கேட்டேன். இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அதற்கு ஒன்பது வருடமும் ஒரு பிள்ளையின் கண்ணீரும் தேவைப்பட்டன.

மிருகத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் மிருகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்குப் பதில் முன்பே தெரியும். அவர்கள் உங்களைப் பார்க்கத்தான் கையை உயர்த்துகிறார்கள். ஆகவே யோசியுங்கள், தெரியாவிட்டால் கொப்பியை எடுங்கள். யோசிக்காமல் சொல்லக்கூடியது ஒன்றுதான். கழிப்பறை படிக்குக் கீழே, இடப்பக்கம். அதையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போன வருடம் வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.